இரண்டு நாள் டிஎன்ஏ ஹேக்கத்தான்: 22 பிள்ளைகள், 10 மடிக்கணினி, எந்தத் தரவைக் கொடுப்பது?

கெடிலக்கரை

வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறு, எங்கள் துறைப் பிள்ளைகள் 12 பேரும் புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் கணினித் துறைப் பிள்ளைகள் 10 பேரும் சேர்ந்து உட்கார்ந்து டிஎன்ஏ சீக்வென்சிங் (டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படிப்பது) தரவை அலசுவது போல ஒரு ஹேக்கத்தான் நடத்தப் போகிறேன். தேதி முடிவாகிவிட்டது, எங்கள் சோதனைக்கூடத்தையே கொடுத்துவிட்டார்கள். எந்தத் தரவை மேசையில் வைப்பது என்பதில்தான் நிற்கிறேன்.

போன வருடம் ஒரு முறை முயன்றோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பயிற்சிக் குழு மனித எக்ஸோம் (புரதம் எழுதும் டிஎன்ஏ பகுதிகள் மட்டும்) தரவை எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒரு கோப்பே ஐந்தாறு ஜிபி. காலை பத்து மணிக்கு இறக்க ஆரம்பித்தது, மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தாலும் பாதியைத் தாண்டவில்லை. மறுநாள் சாயங்காலம் கணினிப் பிள்ளைகள் ஏதோ ஒரு நிரலை ஓட்டி வண்ணப் படங்கள் எடுத்தார்கள். என் பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை, அந்தப் படங்களை பவர்பாயிண்டில் ஒட்டித் தலைப்பு எழுதுவது. குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ஒரு பெண், மியூட்டேஷன் பாடம் எடுக்கும்போது எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுபவள், இரண்டு நாளும் விசைப்பலகையை ஒரு முறைகூடத் தொடவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், "மேம், இதுல நமக்கு என்ன வேலை இருக்கு?" என்று கேட்டாள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வருடம் அவள் மூன்றாம் ஆண்டு. அவள் படிப்பை முடித்துப் போவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுபடி இறங்கியிருக்கிறேன்.

கையில் இருப்பது: பத்து மடிக்கணினி, அதில் ஆறில் 4 ஜிபி நினைவகம், நான்கில் 8 ஜிபி. வைஃபை இருக்கிறது, 22 பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் படுத்துவிடும். செலவுக்குச் சாப்பாடும் டீயும் போக ஒன்றும் மிஞ்சாது, சொந்தமாக மாதிரி எடுத்து சீக்வென்சிங் செய்ய வழியில்லை. நெல்லிக்குப்பம், புவனகிரி பக்கம் போகும் பிள்ளைகள் நாலரை மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ராத்திரி முழுக்க உட்காருவதெல்லாம் நடக்காது.

எந்த உயிரியின் தரவு? குழுவை எப்படிப் பிரிப்பது? எதை வைத்து மதிப்பெண் போடுவது? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

காலாப்பட்டு_வாசி

மேடம், வணக்கம். புதுச்சேரியில் ஒரு ஆய்வகத்தில் எட்டு வருடமாக பாக்டீரியா சீக்வென்சிங் தரவோடுதான் வேலை.

முதலில் மனிதனை விட்டுவிடுங்கள். மனித ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏவும், 310 கோடி எழுத்து. ஒவ்வொரு இடத்தையும் சராசரி 30 தடவை படித்தால் 9,300 கோடி எழுத்து வந்து விழும். 4 ஜிபி கணினி அதைத் தாங்காது. காசநோய்க் கிருமியை எடுங்கள். அதன் ஜீனோம் 44 லட்சம் எழுத்துதான். 30 மடங்கு படித்தாலும் சுமார் 13 கோடி. சுருக்கிய கோப்பாக ஒரு மாதிரி இருநூறு எம்பிக்குள் அடங்கிவிடும். பத்து மாதிரியைக்கூட ஒரு சின்ன பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். ரீட்களை (இயந்திரம் படித்துத் தரும் சின்னத் துண்டுகளை) ரெஃபரன்ஸ் ஜீனோமோடு (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் முழு ஜீனோமோடு) பொருத்தும் வேலை உங்கள் பழைய மடிக்கணினியிலேயே சில நிமிடங்களில் முடியும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து விடையைப் பார்க்கலாம்.

அளவுக்காக மட்டும் சொல்லவில்லை. கேள்வி தெளிவாக இருப்பதால்தான் காசநோய் என்கிறேன். "இந்தக் கிருமிக்கு இந்த மருந்து வேலை செய்யுமா?" இதைவிட நேரான கேள்வி ஜீனோம் படிப்பில் கிடைப்பது கஷ்டம்.

ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து, கிருமியின் ஆர்என்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும் நொதி) மேல் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. அது உட்காரும் இடத்தை எழுதும் மரபணு ஆர்பிஓ-பி. அதற்குள் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டில்தான் எதிர்ப்புக்குக் காரணமான மாற்றங்களில் பெரும்பாலானவை வருகின்றன. அரசு மருத்துவமனையில் சிபிநாட் என்று ஒரு சோதனை எடுக்கிறார்களே, அது தேடிப் பார்ப்பதும் இந்த 81 எழுத்தைத்தான். உங்கள் பிள்ளைகளில் யார் வீட்டிலாவது அந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். அடுத்த மருந்து ஐசோனியசிட். கிருமி தன் கேட்-ஜி நொதியாலேயே அதை உயிர்ப்பித்துக்கொண்டு செத்துப்போகிறது. அந்த நொதியில் 315ஆம் இடம் மாறிவிட்டால் மருந்து சரியாக விழிக்காது. முதல் நாளுக்கு இந்த இரண்டு மரபணுவும் போதும்.

தரவு இலவசம். கிரிப்டிக் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2022இல் 12,289 மாதிரிகளின் தரவையும், ஒவ்வொன்றும் 13 மருந்துகளுக்கு எப்படி நடந்துகொண்டது என்ற ஆய்வகச் சோதனை முடிவையும் பொதுவில் வைத்தது. சீக்வென்ஸ் கோப்புகளை ஐரோப்பிய நியூக்ளியோடைடு ஆவணக் களஞ்சியத்திலிருந்து நேராக இறக்கலாம். நீங்கள் முன்கூட்டியே பத்து மாதிரி பொறுக்கி, சோதனை முடிவுகளை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் டிஎன்ஏவைப் பார்த்து முதலில் முடிவு எழுதட்டும், அப்புறம் உறையைப் பிரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒப்பிடும் ரெஃபரன்ஸ் ஹெச்37ஆர்வி என்ற வகை, அது இந்தக் கிருமியின் நான்காம் வம்சம் (கிளை). நம் தமிழ்நாட்டுப் பக்கம் அதிகம் காணப்படுவது முதலாம் வம்சம். அந்த வம்சத்து மாதிரியைப் பொருத்தினால் ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். பிள்ளைகள் பதறிப்போய் எல்லாம் மருந்து எதிர்ப்பு என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலானவை பரம்பரையாக வந்த வித்தியாசம், அவ்வளவுதான். எது எதிர்ப்பு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் மாற்றப் பட்டியல் இருக்கிறது, 2023இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதை அச்செடுத்து ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்_பையன்

டீச்சர், நான் மென்பொருள் வேலை. ஊர் கடலூர், இருப்பது சென்னை. உயிரியல் பற்றி மேலே சார் சொல்லிவிட்டார், நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வைஃபை இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். தரவு, ரெஃபரன்ஸ், நிரல்கள் எல்லாம் பென்டிரைவில். ஒரு வாரம் முன்பே பத்து மடிக்கணினியிலும் நிறுவி, ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒன்றில் ஓடினால் எல்லாவற்றிலும் ஓடும் என்று நம்பாதீர்கள். கோப்பை நகல் எடுத்ததும் எம்டி5 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்க்கப் பழக்குங்கள். பாதி நகலான கோப்பு சில சமயம் பிழை காட்டாமல் ஓடி, தப்பான விடையைத் தந்துவிடும். அது தெரியாமல் அரைநாள் போகும்.

தரவைக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால், ஒரு மாதிரிக்கு இரண்டு கோப்பு இருக்கும், ஒரே துண்டின் இரண்டு முனைகள். எழுந்தமானமாக ரீட்களைப் பொறுக்கும்போது இரண்டு கோப்புக்கும் ஒரே விதை எண்ணை (பொறுக்குவதைத் தொடங்கி வைக்கும் எண்) கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஜோடி பிரிந்துவிடும்.

குழு: ஐந்து போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கணினிப் பிள்ளைகள், இரண்டோ மூன்றோ விலங்கியல் பிள்ளைகள், இரண்டு மடிக்கணினி. ஒன்று கட்டளைக்கு, ஒன்று ஐஜிவி என்ற நிரலைத் திறந்து ரீட்களைக் கண்ணால் பார்ப்பதற்கு. இப்போது நான் சொல்லப் போவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முதல் நாள் முழுவதும் விசைப்பலகை விலங்கியல் பிள்ளைகள் கையில். கணினிப் பிள்ளைகள் வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. தெரிந்தவன் தட்டிக்கொண்டே போனால் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார், அவ்வளவுதான் மிஞ்சும். நாங்கள் அலுவலகத்தில் புதியவர்களைப் பழக்குவது இப்படித்தான். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறட்டும்.

மதிப்பெண்ணை வேகத்துக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் என்ன கட்டளை கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இரண்டாம் நாள் காலை நோட்டுகளை மாற்றிக் கொடுங்கள். முதல் குழுவின் நோட்டை மட்டும் பார்த்து இரண்டாம் குழு அதே விடையைக் கொண்டுவந்தால் இரண்டு குழுவுக்கும் மதிப்பெண்.

கெடிலக்கரை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. நோட்டு மாற்றுவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழக்கம், அதில் அவர்களை அடித்துக்கொள்ள முடியாது.

இரண்டு சந்தேகம். ஒன்று, கருப்புத் திரையில் கட்டளை தட்டச் சொன்னால் என் பிள்ளைகளில் சிலர் முதல் அரைமணியிலேயே ஒதுங்கிவிடுவார்கள். தொடக்கம் எப்படி இருக்க வேண்டும்? இரண்டு, பிள்ளைகளுக்குப் பிச்சாவரம் சதுப்புநில மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மேல் ஆசை. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் பக்கத்திலேயே இருப்பதால் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொதுத் தரவிலிருந்து அப்படி ஏதாவது எடுத்துக் கொடுக்கலாமா?

காலாப்பட்டு_வாசி

மேடம், தொடக்கம் காகிதத்தில் இருக்கட்டும். ஃபாஸ்ட்க்யூ கோப்பிலிருந்து (ரீட்கள் இருக்கும் கோப்பு) ஐந்து ரீட்களை அச்செடுத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். ஒரு ரீடுக்கு நான்கு வரி. முதல் வரி பெயர், இரண்டாவது எழுத்துகள், மூன்றாவது ஒரு கூட்டல் குறி, நான்காவது பார்க்கக் கிறுக்கல் போல இருக்கும். அந்தக் கிறுக்கல்தான் தர அளவு. மேலே உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு குறி, இயந்திரம் அந்த எழுத்தை எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதற்கு. கேள்விக்குறி இருந்தால் தரம் 30, அதாவது ஆயிரத்தில் ஒரு தடவை தப்பாகலாம். 5 என்று இருந்தால் தரம் 20, நூறில் ஒரு தடவை. ஹாஷ் குறி வந்தால் தரம் 2, அந்த எழுத்தை நம்பவே வேண்டாம். ஆஸ்கி அட்டவணை எண்ணிலிருந்து 33 கழித்தால் தரம் வந்துவிடும். அட்டவணை கணினிப் பிள்ளைகளுக்குத் தெரியும். இயந்திரம் ஏன் ரீடின் கடைசிப் பக்கம் போகப்போகத் தடுமாறுகிறது என்பதை உங்கள் பிள்ளைகள் சொல்லட்டும். பென்சிலும் தாளுமாக ஒரு மணி நேரம். அப்புறம் திரையைத் திறந்தால் உள்ளே இருப்பது பழகின முகமாக இருக்கும்.

ஃபாஸ்ட்க்யூசி என்ற தரம் பார்க்கும் நிரலின் அறிக்கையில் ஜி, சி விகிதப் படத்தையும் காட்டுங்கள். காசநோய்க் கிருமியில் அது 65 சதவீதத்துக்குச் சற்று மேல். மனிதனில் 41. படத்தில் நாற்பதை ஒட்டி இரண்டாவது மேடு ஒன்று தெரிந்தால் நோயாளியின் டிஎன்ஏவும் உள்ளே வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பிச்சாவரம் ஆசை நல்ல ஆசை, ஆனால் இந்தத் தடவை வேண்டாம் என்பேன். மண் நுண்ணுயிர்களைப் பெரும்பாலும் 16எஸ் மரபணுவை (எல்லா பாக்டீரியாவிலும் இருப்பது) வைத்து அடையாளம் காண்பார்கள். சுரபுன்னை, வெண்கண்டல் வேர் ஒட்டிய மண்ணை எடுத்தால் செடியின் பசுங்கணிகமும் கூடவே வந்துவிடும். பசுங்கணிகம் ஒரு காலத்தில் நீலப்பச்சை பாக்டீரியாவாக இருந்தது இல்லையா, அதனால் அதற்கும் ஒரு 16எஸ் உண்டு. அதைக் கழித்துப் பார்க்காவிட்டால் செடியையே பாக்டீரியா என்று எண்ணி அறிக்கை எழுதிவிடுவார்கள். அது தவிர, டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே கொஞ்சம் பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும், மாதிரி எதுவும் போடாத வெற்றுக் குழாயையும் கூடவே சீக்வென்ஸ் செய்தால்தான் அது பிடிபடும். பொதுத் தரவில் பல சமயம் அந்த வெற்றுக் குழாய்த் தரவு இருக்காது. மண் கணக்கில் சரியான விடை இது என்று சொல்ல உறையில் போடவும் ஒன்றும் கிடைக்காது. முதல் தடவை பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்ததைச் சரிபார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். பிச்சாவரத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன்.

பழைய_லேப்

அம்மா, நான் ஒரு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கணினி விஷயம் எனக்குத் தெரியாது. கோப்பு, ரீட் என்று எல்லோரும் எழுதியிருப்பதைப் படித்தேன். அந்தக் கோப்பு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

விடியற்காலையில் ஒருவர் ஆழமாக இருமி ஒரு சின்ன டப்பாவில் துப்பிக் கொடுப்பார். எச்சிலாக இருந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்க வேண்டும். வெட்கப்பட்டு மரத்தடியில் போய் நின்று இருமுவார்கள். நாங்கள் அதைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரியும். வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் முட்டை கலந்த பச்சை ஊடகத்தில் போட்டு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். மெதுவாக வளரும் கிருமி. வெளிறிய மஞ்சளில் காலிஃபிளவர் பூ மாதிரிப் புடைத்து வரும். மருந்துக்கு அடங்குமா என்று பார்க்க அதற்கு மேலும் நாள் ஆகும். அதற்குள் அந்த நோயாளி என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்? அடங்காத கிருமியாக இருந்தால் அவ்வளவு நாளும் வீண், வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. சில நிமிடத்தில் கணினியில் விடை வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அந்த எட்டு வாரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் நிறுத்தினால் எதிர்ப்புக் கிருமிக்கு வழி கிடைக்கிறது. உங்கள் 81 எழுத்துக்குள் வரும் அந்த மாற்றத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வீடு இருக்கலாம்.

ஹெச்37ஆர்வி என்கிறீர்களே, அதுவும் ஒரு நோயாளியிடமிருந்து வந்ததுதான். 1905இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்து வளர்த்து உலகம் முழுவதும் வைத்திருக்கிறார்கள். 1998இல் அதன் ஜீனோமை முழுதாகப் படித்தார்கள். இன்னொன்றும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். காசநோயாளிகளை சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது நம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய மையத்தில் நடந்த ஆராய்ச்சி, 1959இல் முடிவு வெளியானது. நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தக் கிருமியின் தரவைத் தொடுவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கோப்பின் உறை மேலும், எண்ணுக்குக் கீழே, "ஒருவர் இருமிக் கொடுத்தது" என்று எழுதி வையுங்கள்.

லாஸ்பேட்டை_மூன்றாமாண்டு

மேம், நான் வரப்போகும் கணினிப் பிள்ளைகளில் ஒருத்தி. முதல் நாள் கை வைக்கக் கூடாது என்றதும் முதலில் கஷ்டமாக இருந்தது. ஆனால் போன வருடம் வந்த சீனியர்களிடம் கேட்டேன், அவர்கள் ஓட்டிய நிரல் என்ன கண்டுபிடித்தது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதனால் சரி. ஐசோனியசிட் எப்படி வேலை செய்கிறது என்று இப்போதே படித்துக்கொண்டிருக்கிறோம். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவோம், ஒன்பது மணிக்கே ஆரம்பிக்கலாமா?

கெடிலக்கரை

ஹேக்கத்தான் முடிந்து பத்து நாள் ஆகிறது. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் எழுதத் தாமதம். எல்லோரும் இவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் காகிதம்தான். பென்சிலால் தரக் குறிகளை எண்ணாக மாற்றி, தாளின் வலது பக்கம் போகப்போக ஹாஷ் குறிகள் கூடுவதை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கருப்புத் திரைக்கு யாரும் பயப்படவில்லை. புவனகிரிப் பையன் ஒருவன் கட்டளையில் ஒரு இடைவெளி விட்டுப்போய் மூன்று தடவை பிழை வாங்கினான். பக்கத்தில் இருந்த கணினிப் பெண் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், சொல்லிக்கொடுத்தாள், தொடவில்லை. லாஸ்பேட்டை, அது நீதான் என்று நினைக்கிறேன். நன்றி, கண்ணு.

மதியம் ஒரு தகராறு வந்தது. ஒரு குழு ஆர்பிஓ-பியில் 450ஆம் இடம் மாறியிருக்கிறது என்று எழுதியது. இன்னொரு குழு நூலகத்திலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகத்தைக் காட்டி 531 என்று சாதித்தது. இருபது நிமிடம் சத்தம். கடைசியில் இரண்டும் ஒரே இடம் என்று தெரிந்தது. பழைய கணக்கு ஈ.கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கையில் எழுதியது, புதியது காசநோய்க் கிருமியின் சொந்த எண்ணிக்கையில். நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவர்களே இரண்டு புரத வரிசையையும் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அன்றைக்கு நடந்ததில் என் மனதில் நிற்பது கேட்-ஜி. பட்டியலில் 315ஆம் கோடான் (மூன்றெழுத்துச் சொல்) ஏஜிசி என்பது ஏசிசி ஆகிறது என்று இருக்கிறது. அதாவது ஜி போய் சி வர வேண்டும். பிள்ளைகளின் விடைக் கோப்பில் 2155168ஆம் இடத்தில் சி போய் ஜி வந்திருக்கிறது. கணினிப் பையன் ஒருவன் முகம் வாடிப்போய், நிரலில் எங்கோ தலைகீழாகிவிட்டது, முதலிலிருந்து ஓட்டுவோம் என்று எல்லாவற்றையும் அழிக்கக் கிளம்பிவிட்டான். புவனகிரிப் பையன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். கரும்பலகையில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வரைந்தான். "கேட்-ஜி எதிர் இழையில இருக்கு. கணினி நமக்கு ஒரு இழையைத்தான் காட்டுது. இந்தப் பக்கம் சி இருந்தா அந்தப் பக்கம் ஜி. இது ஜி ஆனா அது சி ஆகும்" என்றான். கணினிப் பையன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். அப்புறம் அப்படியே உட்கார்ந்து, எதிர் இழையில் உள்ள மரபணுக்களுக்கு எழுத்தைத் தானாகத் திருப்பிக் காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதினான், முப்பது வரிகூட இல்லை. மற்ற நான்கு குழுவும் அதைத்தான் கடைசிவரை பயன்படுத்தின. அவன் எழுதி முடிக்கும் வரை மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மரபணுவும் எந்த இழை என்று படித்துச் சொன்னான். முதல் நாள் கை வைக்கக் கூடாது என்ற விதியை அந்த ஒரு முறை தளர்த்தினேன். திருப்பாதிரிப்புலியூர்த் தம்பி மன்னிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் நோட்டு மாற்றினோம். பத்து கோப்பில் ஒன்பதுக்கு விடை ஒத்துப்போனது. ஏழாம் எண் கோப்பு மட்டும் ஒத்துவரவில்லை. 761155ஆம் இடத்தில், அதே ஆர்பிஓ-பி 450, ஒரு குழு மாற்றம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதே நோட்டைப் பார்த்து ஓட்டிய இன்னொரு குழுவுக்குப் பாதி இருக்கிறது, பாதி இல்லை என்று வந்தது. கணினிப் பிள்ளைகள் இரண்டு கட்டளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பத்து நிமிடத்தில் காரணத்தைப் பிடித்தார்கள். ஒரு குழு ப்ளாய்டி (மரபணுவின் பிரதி எண்ணிக்கை) ஒன்று என்று குறிப்பிட்டிருக்கிறது, நோட்டில் எழுத விட்டிருக்கிறது. மற்றக் குழு ஒன்றும் குறிப்பிடவில்லை, நிரல் தானாக இரண்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மனிதனைப் போல ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி இருப்பதாக. பாக்டீரியாவுக்கு ஒன்றுதான், அதனால் முதல் குழு சரி, இரண்டாவது தப்பு, முடிந்தது என்று எழுந்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குறிஞ்சிப்பாடிப் பெண், ஐஜிவி மடிக்கணினியில் இருந்தவள், "முடியல" என்றாள். அந்த இடத்தில் வந்து விழுந்த ரீட்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். மொத்தம் 64. அதில் 41இல் மாறிய எழுத்து, 23இல் பழைய எழுத்து. தரக் குறி எல்லாம் 30க்கு மேல். "ஒரு கிருமிக்கு ஒரு பிரதிதான்னா பாதி எப்படி வரும்? அப்ப இது ஒரு கிருமி இல்ல. அந்த ஆள் நெஞ்சுல ரெண்டு கூட்டம் இருந்திருக்கு" என்றாள். சோதனைக்கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உறையைப் பிரித்தோம். ரிஃபாம்பிசினுக்கு அடங்கவில்லை என்று இருந்தது. அந்த உறை மேல் என் கையெழுத்தில் "ஒருவர் இருமிக் கொடுத்தது" என்று இருந்ததை அவள் ஒரு தடவை வாசித்தாள். ஐயா, உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள். இரண்டு வேறு கிருமிகள் அந்த ஆளுக்கு இரண்டு தடவை தொற்றினவா, அல்லது ஒரே கிருமி மருந்துக்கு நடுவில் மாறத் தொடங்கிய நேரத்தில் சளி எடுத்தார்களா? வேறு வேறு கிருமி என்றால் ஜீனோம் முழுக்க நிறைய இடங்களில் இதே மாதிரி கலந்து தெரிய வேண்டும். ஒரே கிருமி என்றால் இந்த இடத்திலும் இன்னும் ஓரிரண்டு இடத்திலும் மட்டும்தான் தெரியும். நாலு இருபது ஆகிவிட்டது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் நாலு பேர் சோதனைக்கூடத்துக்கு வருகிறார்கள், குறிஞ்சிப்பாடிப் பெண்ணும் புவனகிரிப் பையனும் இங்கிருந்து, இரண்டு பேர் புதுச்சேரியிலிருந்து தொலைபேசியில். ரெஃபரன்ஸோடு வித்தியாசப்படும் இடங்களை வரிசையாக எடுத்து, மாறிய ரீட் எத்தனை, மாறாதது எத்தனை என்று எண்ணுகிறார்கள். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் மரபணுக் குடும்பங்களில் சின்ன ரீட் எங்கே பொருந்துகிறது என்று நம்ப முடியாது, அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். நேற்றுவரை 140 இடம் பார்த்தாகிவிட்டது. கலப்பு தெரிவது இன்னும் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.